பதில் எழுத ஓர் இரவு



நமது பங்கில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். காலைத் திருப்பலி முடிந்து வீட்டுக்குச் சென்றதும் தமது கணினியில் இணைய இணைப்பைப் போடுவார். வந்திருக்கும் மின்னஞ்சல்கள் எல்லாம் இறங்கி முடிந்ததும் இணைப்பைத் துண்டித்துவிடுவார். பிறகு ஒரு காபியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மடலாகப் படிப்பார், பதில் எழுதுவார். எழுதிய பதில்கள் மாலைவரை கணினியிலேயே கிடக்கும். மாலையில் அவற்றை ஒருமுறை படித்துத் திருத்தி, மீண்டும் இணைப்பைப் போட்டு அனுப்புவார். கைப்பேசியில் வரும் செய்திகளையும் நாளுக்கு இரண்டு வேளைதான் பார்ப்பார்.

"ஐயா, இப்போது மாதக் கட்டணம்தானே? நிமிடக் கணக்கு போட்ட காலம் போய்விட்டதே, இன்னும் ஏன் துண்டிக்கிறீர்கள்?" என்று ஒருநாள் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "காசுக்காக இல்லை சாமி. போஸ்ட்மேன் வாசலிலேயே நின்றுகொண்டு 'பதில் எங்கே, பதில் எங்கே' என்று கேட்டுக்கொண்டிருந்தால் உங்களால் ஒரு கடிதம் எழுத முடியுமா?"

இவரைப்போல இணைப்பைத் துண்டித்துவிட்டு, அதாவது 'ஆஃப்லைனில்', செய்திகளைப் படிப்பவர்களும் எழுதுபவர்களும் இன்றும் இருக்கிறார்கள். இளைஞர்கள் இவர்களைப் பழைய காலத்து ஆட்கள் என்று கேலி செய்வதுண்டு. உண்மையில் இவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? இதில் நாம் கற்றுக்கொள்ள ஏதேனும் உண்டா? சற்றுச் சிந்திப்போம்.

தொடக்கத்தில் எல்லாரும் இப்படித்தான்

ஒரு கணினியிலிருந்து வேறொரு கணினிக்கு வலைவழியாக முதல் மின்னஞ்சலை ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1971-இல் அனுப்பினார். அதற்குப் பின் பல ஆண்டுகள் கணினிகள் எந்நேரமும் ஒன்றோடொன்று இணைந்திருக்கவில்லை. ஒரு கணினி இன்னொன்றைத் தொலைபேசியில் அழைக்கும், சேர்த்து வைத்திருந்த மடல்களைக் கொடுக்கும், தனக்குரியதை வாங்கிக்கொள்ளும், பிறகு இணைப்பைத் துண்டித்துவிடும். 1984-இல் அமெரிக்காவில் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கிய ஃபைடோநெட் என்ற வலையமைப்பு, தொலைபேசிக் கட்டணம் குறைவாயிருக்கும் இரவு நேரத்தில்தான் மடல்களைப் பரிமாறிக்கொண்டது. மக்கள் காலையில் எழுந்து, வந்தவற்றைப் படித்து, பகல் முழுவதும் யோசித்துப் பதில் எழுதினார்கள். அது அடுத்த இரவுதான் புறப்படும்.

நமது நாட்டிலும் அப்படியே. 1986-இல் மத்திய அரசின் மின்னணுத் துறை தொடங்கிய எர்நெட் திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட கல்வி நிறுவனங்கள் இடம்பெற்றன. அத்திட்டத்தின் முதல் மின்னஞ்சல்களும் இவ்வாறு தொலைபேசி வழியே கட்டுக்கட்டாகத்தான் சென்றன. 1995 ஆகஸ்டு 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபோது, இணைந்திருக்கும் நேரத்திற்கும் கட்டணம், தொலைபேசி அழைப்புக்கும் கட்டணம். மோடம் கீச்சிட்டு இணைப்புக் கிடைத்ததும் மடல்களை இறக்கிக்கொண்டு உடனே துண்டிப்பதே அன்றைய சிக்கனம். வீட்டில் கணினி மட்டும் இருந்தவர்கள் மடலை எழுதி ஃப்ளாப்பியில் பதிந்து, பிரவுசிங் சென்டருக்குக் கொண்டுபோய் அனுப்பியதும் நமக்கு நினைவிருக்கலாம்.

மடல்களை நம் கணினிக்குள் இறக்கிக்கொள்வதற்கு 1984-இல் ஒரு நெறிமுறை வகுத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'அஞ்சலக நெறிமுறை' என்பதுதான். பாப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அது, பெயருக்கேற்ப அஞ்சலகம்போலவே வேலை செய்கிறது. மடல்கள் அங்கே காத்திருக்கும். நாம் போய் எடுத்துக்கொண்டு வீடு திரும்பிவிடலாம். படிப்பதும் எழுதுவதும் நம் வீட்டு மேசையில். தலைமையாசிரியர் இன்றும் பின்பற்றுவது இம்முறையைத்தான்.

இணைப்பே இல்லாத இடங்களுக்கும் இம்முறை கைகொடுத்தது. கம்போடியாவின் ரத்தனகிரி மாநிலத்தில் 2003-இல் ஒரு திட்டம் நடந்தது. மோட்டார் சைக்கிளில் ஒரு சிறு கருவியைப் பொருத்தி, ஊர் ஊராக ஓட்டிச் சென்றார்கள். கிராமத்துப் பள்ளியின் அருகே வண்டி வந்ததும், அங்கே எழுதி வைத்திருந்த மின்னஞ்சல்கள் கம்பியில்லா முறையில் அக்கருவிக்கு ஏறும். அப்பள்ளிக்கு வந்தவை இறங்கும். நகரத்துக்குத் திரும்பியதும் அவை இணையத்தில் சேரும். கர்நாடகத்தின் தொட்டபள்ளாபுரம் பகுதியில் இதே வேலையைப் பேருந்து செய்தது. வண்டி வரும்வரை எழுதலாம். வண்டி போனபின் காத்திருக்கலாம்.

கட்டாயம் போன பின்னும் ஏன்?

இன்று பெரும்பாலான ஊர்களில் அந்தக் கட்டாயம் இல்லை. கையிலுள்ள கைப்பேசி இரவும் பகலும் இணைந்தே இருக்கிறது. அப்படியிருந்தும் சிலர் துண்டித்துக்கொள்வதற்கு மூன்று காரணங்கள் சொல்லலாம்.

முதலாவது, கவனம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு நூத், கணினி அறிவியலின் மூத்த அறிஞர்களில் ஒருவர். 1975 வாக்கிலேயே மின்னஞ்சலைப் பயன்படுத்தத் தொடங்கியவர், 1990 ஜனவரி 1 முதல் அதை விட்டுவிட்டார். அன்றிலிருந்து தாம் மகிழ்ச்சியாக இருப்பதாக அவரே எழுதியிருக்கிறார். தமது பணிக்கு நீண்ட நேரம் இடையூறில்லாமல் ஆழ்ந்து படிப்பது தேவை என்பது அவர் சொல்லும் காரணம். அவர் கடிதங்களை வெறுத்து ஒதுங்கவில்லை. அஞ்சலில் வருபவற்றைச் சேர்த்து வைத்து, அதற்கென ஒதுக்கிய நேரத்தில் மொத்தமாகப் பதில் எழுதுவார். கணினியைப் பற்றித் தெரியாதவர்தான் இணைப்பைத் துண்டிப்பார் என்று நினைப்பவர்களுக்கு இவரே பதில்.

ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரு உளவியலாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் 124 பேர் கலந்துகொண்டனர். ஒரு வாரம் நாளுக்கு மூன்று முறை மட்டும் மின்னஞ்சல் பார்க்க வேண்டும். மற்றொரு வாரம் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். மூன்று முறை மட்டும் பார்த்த வாரத்தில் அவர்களுடைய மன அழுத்தம் குறைந்திருந்தது. இத்தனைக்கும் வந்த மடல்களை யாரும் குறைக்கவில்லை. பார்க்கும் நேரம் மட்டுமே மாறியது.

இரண்டாவது, உடைமை. இணையத்தில் திறந்து படிக்கும் மடல் வேறொரு நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. நாம் அதை எட்டிப் பார்க்கிறோம், அவ்வளவுதான். ஆர்குட் தளம் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மூடப்பட்டன. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்குகளை நீக்கும் நடைமுறையை 2023 டிசம்பரில் கூகுள் தொடங்கியது. இறந்துபோன தந்தையின் மின்னஞ்சல் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்த பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். மடலைத் தம் கணினிக்குள் இறக்கி வைத்தவருக்கு, அதற்கு ஒரு நகலும் எடுத்து வைத்திருந்தால், இந்தக் கவலை இல்லை. பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இன்லண்ட் லெட்டர்கள் இருந்தனவே, அதைப்போல.

மூன்றாவது காரணமே முக்கியமானது. செய்தியைக் கேட்பதற்கும் அதற்குப் பதில் சொல்வதற்கும் இடையே கிடைக்கும் நேரம். மற்ற இரண்டையும் நாம் இழந்தால் வேலை கெடும், சில நினைவுகள் அழியும். இதை இழந்தால் உறவே முறியும். இதைக் கண்கூடாகப் பார்த்ததால்தான் எழுதுகிறோம்.

'கணக்கு அனுப்பு'

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அண்ணன் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறார். தம்பி ஊரில் இருக்கிறார். தாய் மருத்துவமனையில். பத்து நாள்களாகத் தம்பிதான் பகலும் இரவும் அலைந்துகொண்டிருந்தார். ஓர் இரவு, வேலை முடிந்து அறைக்குத் திரும்பிய அண்ணன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டே சொற்கள் எழுதினார்: 'கணக்கு அனுப்பு'.

மருத்துவமனை நாற்காலியில் அரைத் தூக்கத்தில் இருந்த தம்பிக்கு அந்த இரண்டு சொற்களும் எப்படிக் கேட்டிருக்கும்? 'என்னைச் சந்தேகப்படுகிறாயா?' என்று ஒரு நிமிடத்திற்குள் பதில் போனது. அதற்கு அண்ணன் பதில், அதற்குத் தம்பி பதில். பழைய நிலத் தகராறு வந்தது. திருமணச் செலவு வந்தது. அண்ணியும் மைத்துனரும் படித்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு அவர்களும் எழுதினார்கள். அரை மணி நேரத்தில் அந்த வீட்டில் இருபது ஆண்டுகளாக யாரும் வாய்விட்டுச் சொல்லாதிருந்த எல்லாம் எழுத்தில் வந்துவிட்டது.

தாய் பிழைத்து வீடு திரும்பினார். சகோதரர்கள் பேசிக்கொள்ளவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து அந்தத் தாய் இறந்தபோது, ஒரே பிரேதப் பெட்டியின் இரு பக்கமும் அந்நியர்களைப்போல நின்றார்கள். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த பிறகு அண்ணன் நம்மிடம் வந்து உட்கார்ந்தார். "கம்பெனியில் மெடிக்கல் அட்வான்ஸ் வாங்கப் பில் கேட்டார்கள் சாமி. அதற்குத்தான் கணக்குக் கேட்டேன்" என்றார். "அதைத் தம்பியிடம் சொன்னீர்களா?" என்றோம். "சொல்வதற்குள் எல்லாம் நடந்துவிட்டது" என்றார்.

இதில் தீயவர் யார்? ஒருவரும் இல்லை. இருவரும் தாயை நேசித்தவர்கள். அண்ணன் எழுதியது ஓர் இன்லண்ட் லெட்டராக இருந்திருந்தால், ஏன் கேட்கிறேன் என்பதை எழுதாமல் அவரால் அந்தத் தாளை நிரப்பியிருக்க முடியாது. தம்பியும் உடனே பதில் எழுதியிருக்க முடியாது. இடையே ஓர் இரவு வந்திருக்கும். அந்த ஓர் இரவு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதற்குக் கருவியின் அமைப்பும் ஒரு காரணம். செய்தியைப் படித்துவிட்டோம் என்பதை அனுப்பியவருக்குக் காட்டும் நீலக்குறி 2014 நவம்பரில் வாட்ஸ்அப்பில் வந்தது. 'பார்த்துவிட்டான், பதில் இல்லை' என்ற ஒரு புதிய மனக்குறையும் அதோடு வந்தது. கருவிகளைச் செய்தவர்களே இதை உணர்ந்திருக்கிறார்கள் போலும். அனுப்பிய மடலை அதிகபட்சம் 30 நொடிகளுக்குள் திரும்ப அழைக்கும் வசதியை ஜிமெயில் 2015-இல் எல்லாருக்கும் தந்தது. அனுப்பிய செய்தியை 15 நிமிடங்களுக்குள் திருத்தும் வசதி 2023-இல் வாட்ஸ்அப்பில் வந்தது. நாம் தொலைத்த இடைவெளியைச் சிறு துண்டுகளாகத் திருப்பித் தருகிறார்கள். ஆனால் கோபம் 30 நொடியில் ஆறுமா?

ஒரு மழை செய்த உதவி

பிறருடைய குறையை மட்டும் சொல்வது முறையல்ல. நம் கதையையும் சொல்லிவிடுகிறோம். 2004-ஆம் ஆண்டு. வெளிநாட்டில் வாழ்ந்த பங்குமகன் ஒருவர் திருவிழாக் கணக்கைப் பற்றி மின்னஞ்சலில் கேள்வி கேட்டிருந்தார். நமக்குக் கோபம் வந்தது. இரவில் உட்கார்ந்து ஏழு பத்திகளில் பதில் எழுதி, 'அனுப்பு' என்ற பொத்தானையும் அழுத்திவிட்டோம். அன்று பெய்த மழையில் தொலைபேசி இணைப்பு வேலை செய்யவில்லை. மடல் புறப்படாமல் 'அவுட்பாக்ஸ்' என்ற பெட்டியிலேயே நின்றுவிட்டது.

காலைத் திருப்பலி முடிந்து வந்து அதைப் படித்துப் பார்த்தோம். ஏழு பத்திகளில் ஓரிடத்திலும் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. நமது உழைப்பு, நமது மரியாதை, நமது வருத்தம், இவைதான் இருந்தன. அவர் கேட்டதோ வாணவேடிக்கைக்கு எவ்வளவு செலவானது என்பதை மட்டும். அந்த மடலை அழித்துவிட்டு, நான்கு வரியில் தொகையை எழுதி அனுப்பினோம். அவர் நன்றி சொல்லி எழுதினார். ஊர் திரும்பிய பிறகு பல ஆண்டுகள் நமது திருவிழாக் குழுவில் கணக்கெழுதியவர் அவரே. அந்த ஏழு பத்திகளும் போயிருந்தால் அவர் மீண்டும் கோயில் படி ஏறியிருப்பாரா என்பது சந்தேகமே.

யாக்கோபின் திருமுகம் அதன் முதல் அதிகாரத்திலேயே கேட்பதற்கு ஒரு வேகத்தையும் பேசுவதற்கும் சினம் கொள்வதற்கும் வேறொரு வேகத்தையும் வைக்கச் சொல்கிறது. இன்றைய கருவிகளில் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடுகின்றன. இணைப்பைத் துண்டிப்பவர்கள் செய்வதெல்லாம், அவ்விரண்டு வேகங்களையும் மீண்டும் பிரித்து வைப்பதுதான்.

தாமதத்திற்கும் விலை உண்டு

அப்படியென்றால் தாமதம் எப்போதும் நல்லதா? இல்லை. முத்துக்குளித்துறையில் உழைத்த புனித பிரான்சிஸ் சவேரியாரை நினைத்துப் பார்ப்போம். 1544-இல் மணப்பாடு, புன்னைக்காயல் போன்ற ஊர்களிலிருந்து உடன் உழைப்பாளரான மான்சிலாஸ் அடிகளாருக்கு அடுத்தடுத்துக் கடிதங்கள் எழுதியவர் அவர். ஐரோப்பாவிலிருந்து கடிதம் வரவேண்டுமானால் பருவக்காற்றை நம்பி வரும் கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டும். தோழர்களின் கடிதங்களிலிருந்து அவர்களுடைய கையெழுத்துகளை வெட்டியெடுத்துத் தம்மோடு அணிந்திருந்ததாக 1546-இல் அவர் எழுதினார். அவ்வளவு அரிதாய்க் கிடைத்த சொற்களை அவ்வளவு அருமையாய்க் காத்தார்.

ஆனால் அதே தாமதம் வேறொன்றும் செய்தது. சவேரியாரைப் போர்ச்சுகலுக்குத் திரும்பி வருமாறு புனித இஞ்ஞாசியார் 1553 ஜூன் மாதம் கடிதம் எழுதினார். சவேரியாரோ 1552 டிசம்பர் 3 அன்றே சீனக் கரையருகே சான்சியன் தீவில் இறந்திருந்தார். இறந்த நண்பருக்கு அழைப்பு எழுதுகிறோம் என்பது எழுதியவருக்குத் தெரியாது.

எனவே இரத்தம் தேவைப்படும் நோயாளியின் செய்தியை மாலைவரை காக்க வைக்கலாகாது. தனியே வாழும் முதிய பெற்றோரின் அழைப்பும், மனம் உடைந்து நள்ளிரவில் ஒருவர் எழுதும் ஒரு வரியும் காத்திருக்கக் கூடாதவை. நமது தலைமையாசிரியரும் இதை அறிந்தே வைத்திருக்கிறார். அவருடைய வீட்டில் தொலைபேசி எப்போதும் மணியடிக்கும் நிலையில் இருக்கும். "அவசரம் என்றால் கூப்பிடு, மற்றதெல்லாம் எழுது" என்பது அவர் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கும் ஏற்பாடு. உடனே கேட்க வேண்டியது எது, ஆற அமரப் பதில் சொல்ல வேண்டியது எது என்று பிரித்தறிவதே இதிலுள்ள ஞானம்.

நாம் என்ன செய்யலாம்?

எல்லாரும் தலைமையாசிரியரைப்போல் வாழ முடியாது. வேலைக்குச் செல்வோர்க்கு அது இயலாது. ஆயினும் சில எளிய வழிகள் உண்டு.

செய்தி பார்ப்பதற்கென நாளில் சில வேளைகளை ஒதுக்குவோம். மற்ற நேரங்களில் அறிவிப்பு ஒலியை நிறுத்தி வைப்போம். அவசரத்திற்கு அழைப்பு மணி மட்டும் இருக்கட்டும்.

மனம் கொதிக்கும்போது வரும் பதிலை வாட்ஸ்அப்பிலேயே தட்டச்சு செய்யாமல், கைப்பேசியின் குறிப்பேட்டிலோ ஒரு தாளிலோ எழுதுவோம். இணைப்பைத் துண்டித்துவிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தால் போதும் என்று எண்ண வேண்டாம். இணைப்பு வந்த மறுகணமே அது தானாகப் போய்விடும். கணினியில் மின்னஞ்சல் எழுதுவோர் தண்டர்பேர்டு போன்ற மென்பொருள்களில் உள்ள 'பிறகு அனுப்பு' வசதியைப் பயன்படுத்தலாம்.

பணம், சொத்து, திருமணம், நோய் ஆகியவை பற்றி எழுதும்போது ஏன் கேட்கிறோம் என்பதையும் சேர்த்து எழுதுவோம். 'பில் இருந்தால் அனுப்பு, இங்கே அட்வான்ஸ் கேட்கிறேன்' என்று இன்னும் சில சொற்கள் சேர்ந்திருந்தால் மேலே சொன்ன குடும்பம் இன்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்.

பிறர் நமக்குப் பதில் தரத் தாமதித்தால் அவர்களுக்கும் அந்த இடைவெளியைக் கொடுப்போம். நீலக்குறி வந்தும் பதில் வராவிட்டால் அது அலட்சியம்தான் என்பதில்லை. ஒருவேளை அவர் நல்ல பதிலுக்காக யோசித்துக்கொண்டிருக்கலாம்.

அன்பார்ந்தவர்களே, இன்று இரவு உங்கள் கைப்பேசியில் மனத்தைச் சுடும் ஒரு செய்தி வரலாம். விரல் உடனே பதில் தேடும். அப்போது ஒன்று செய்வோம். எழுத நினைப்பதை ஒரு தாளில் எழுதித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுச் செபித்துத் தூங்குவோம். காலையில் எடுத்துப் படிப்போம். அப்போதும் அது அனுப்பத் தக்கதாய் இருந்தால் அனுப்புவோம்.

அந்தத் தம்பி இன்னும் நம்மிடம் வரவில்லை. சென்ற மாதம் அண்ணன் அவருக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதி அஞ்சலில் சேர்த்திருக்கிறார். அனுப்புவதற்கு முன் நான்கு நாள்கள் வைத்துப் படித்தாராம். அக்கடிதத்துக்காக நீங்களும் செபித்துக்கொள்ளுங்கள்.